கீரைக் கூடையும் கணக்கு நோட்டும்

தோழனே!

ஊர் விழாவில் நாடகம் முடிந்து, அரிதாரத்தைக் கலைத்து, அட்டைக் கிரீடத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நான் வந்து சேரும்போது, மணி பெரும்பாலும் நான்கு ஆகியிருக்கும். ஊர் உறங்கும். தெரு நாயும் உறங்கும். உறங்காதவர் இருவர். இரவெல்லாம் நாடாண்ட வேந்தனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும் நான் ஒருவன். ஈரச் சாக்கில் கீரைக் கட்டுகளைச் சுற்றி, அதைப் பிள்ளையைப்போல் மடியில் கிடத்திக்கொண்டு அமர்ந்திருக்கும் மூதாட்டி மற்றொருவர்.

"எங்கே அம்மா, இந்த நேரத்தில்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உழவர் சந்தைக்குத்தான் தம்பி. விடியறதுக்குள்ள போய்ச் சேரணும். பனியிலே பறிச்ச கீரை. வெயில் ஏறினா மூஞ்சி செத்துப்போகும்" என்றார்.

வெயில் ஏறினால் கீரைக்கு மூஞ்சி செத்துப்போகும்! நாடகம் எழுதுகிறவன் நான். நாலு நாள் உட்கார்ந்து எண்ணினாலும் என் எழுதுகோலில் இப்படி ஒரு வசனம் வந்து விழுந்திருக்குமா என்பது ஐயமே. வயலில் வளர்ந்த மொழிக்கு உள்ள வளம், வகுப்பறையில் பாதியில் எழுந்து வந்தவனுக்கு எப்படி வாய்க்கும்?

அந்த ஒரு சொற்றொடர்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையை எழுதச் செய்தது. காய்கறியும் மளிகையும் எங்கே வாங்குவது? தெருமுனைக் கடையிலா, உழவர் சந்தையிலா? எங்கே பண்டம் தரமானது? எங்கே வகை மிகுதி? "நாட்டில் எத்தனையோ பெரும் பிரச்சினைகள் இருக்க, கத்தரிக்காய்க் கதைக்கா கால் பக்கம்?" என்று நீ முகம் சுளிக்கலாம். சுளிக்காதே! கோட்டையில் நடப்பது மட்டும் அரசியல் அன்று. கொதிக்கும் குழம்புச் சட்டியில் விழுகிற ஒவ்வொரு காயும், யாரோ ஒருவனுக்குக் கூலியைக் கொடுத்து, யாரோ ஒருவனுக்கு இலாபத்தைக் கொடுத்து, யாரோ ஒருவனுக்கு ஏமாற்றத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வந்து விழுகிறது. யாருக்கு எது என்று கேட்பதுதானே அரசியல்?

கடைவீதி நமக்குப் புதியதன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரையில் பகலில் கூடும் நாளங்காடியும் உண்டு, இரவில் கூடும் அல்லங்காடியும் உண்டு. பூம்புகாரின் வணிகர், தாம் பெறுவதில் மிகையையும், தாம் தருவதில் குறையையும் நாணியவர்கள் என்று பட்டினப்பாலை பேசுகிறது. பெரும்பாணாற்றுப்படையிலே ஓர் ஆயர் மகள் வருகிறாள். மோர் விற்று நெல் பெற்று வீட்டாரை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை நீட்டினால், "பொன் வேண்டா, எருமை கொடு" என்று கேட்டுப் பெறுகிறாள். எண்ணிப்பார் தோழனே! பண்டத்தைப் படைத்தவளே விற்கிறாள். விலை இன்னதென்று அவளே சொல்கிறாள். விலையாக எந்தப் பொருள் வேண்டும் என்பதையும் அவளே முடிவு செய்கிறாள்.

அந்த ஆயர் மகளின் உரிமை எப்போது பறிபோயிற்று? ஊருக்கும் ஊருக்கும் நடுவே தொலைவு கூடியபோது போயிற்று. முன்பணம் கொடுத்தவன் விளைச்சலுக்கு உரிமை கொண்டாடியபோது போயிற்று. தரகு மண்டியின் தராசில் ஏறும்வரை தன் பண்டத்தின் விலை தனக்கே தெரியாத நிலைக்கு உழவன் வந்து சேர்ந்தபோது, அடியோடு போயிற்று. விதைக்குக் கடையில் சொன்ன விலை. உரத்துக்குக் கடையில் சொன்ன விலை. தான் விளைத்த காய்க்கோ மண்டியில் சொன்ன விலை! வாங்கும்போதும் பிறன் சொன்ன விலை, விற்கும்போதும் பிறன் சொன்ன விலை என்றிருக்கும் தொழில், உழவைத் தவிர வேறு எத்தனை உண்டு?

இதற்கு ஒரு மாற்றாகத்தான் உழவர் சந்தை வந்தது. பஞ்சாபில் 1987-இல் 'அப்னி மண்டி' என்ற பெயரில் தொடங்கியது. ஆந்திரத்தில் 1999 சனவரியில் 'ரைது பஜார்' ஆயிற்று. அதே ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் மதுரை அண்ணா நகரில், அன்றைய முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி தமிழகத்தின் முதல் உழவர் சந்தையைத் திறந்து வைத்தார். பிறகு பல ஊர்களுக்குப் பரவியது. 2001-க்குப் பின் சில ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த சந்தைகள் பல. 2006-க்குப் பின் அவை மீண்டும் தளிர்த்தன. இன்று தமிழகத்தில் 180-க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் உள்ளன.

அதன் முறை எளியது. நிலமும் சாகுபடியும் உண்மையா என்று பார்த்து, உழவனுக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை தருகிறார்கள். கடைக்கு வாடகை இல்லை. தராசும் சந்தையிலேயே தரப்படுகிறது. வேளாண் விற்பனைத் துறையினர் காலையில் மொத்த விலையையும் சில்லறை விலையையும் அறிந்து, மொத்த விலைக்கு மேலாகவும் சில்லறை விலைக்குக் கீழாகவும் அன்றைய விலையை வகுத்துப் பலகையில் எழுதுகிறார்கள். உழவனுக்கு மண்டியில் கிடைப்பதைவிடக் கூடுதல்; உனக்குக் கடையில் கொடுப்பதைவிடக் குறைவு. நடுவிலே நின்றவர் நகர்ந்தால், இரு கரையிலும் நீர் பாயும் என்பதே அதன் கணக்கு.

இனித் தரத்துக்கு வருவோம்.

கீரை, கொத்தமல்லி, புதினா, வெண்டை, அவரை, கத்தரி, முருங்கை ஆகியவை பறித்த நொடியிலிருந்தே வாடத் தொடங்குகிறவை. மண்டிக்குப் போகும் தக்காளி, லாரியில் குலுங்கி நசுங்காதிருக்க வேண்டுமே என்பதற்காகச் செங்காயிலேயே பறிக்கப்படுகிறது. அது பழுப்பது செடியில் அன்று, பெட்டியில்! சந்தைக்கு வரும் தக்காளியோ இரண்டு நாள் கூடுதலாகச் செடியில் நின்று சிவக்கலாம். அது போகவேண்டிய தொலைவு குறைவு. வெண்டையின் நுனியை ஒடித்துப் பார். 'டக்'கென்று ஒடிந்தால் நேற்று மாலையோ இன்று காலையோ பறித்தது. வளைந்தால், அது ஊர் சுற்றி வந்த வெண்டை. கத்தரியின் காம்பைப் பார். பச்சையாய் முள்ளோடு நிமிர்ந்திருந்தால் புதியது. காம்பு கறுத்துச் சுருங்கியிருந்தால், தண்ணீர் தெளித்து மினுக்கிய பழையது. இந்தச் சோதனைகளில் பத்துக்கு எட்டு முறை வெல்வது உழவர் சந்தைதான் என்பது என் அனுபவம்.

வகையிலும் ஒரு வியப்பு உண்டு. கடையில் கத்தரிக்காய் என்றால் ஒன்றோ இரண்டோ. சந்தையிலே பச்சைக் கத்தரி, வெள்ளைக் கத்தரி, வரிக் கத்தரி, நீளக் கத்தரி, கைக்குள் அடங்கும் குண்டுக் கத்தரி என அந்த வட்டாரத்து மண்ணுக்கு உரிய வகைகள் வந்து அமர்கின்றன. பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, முடக்கத்தான், பிரண்டை என நம் பாட்டிமார் பெயர் சொல்லி அழைத்த கீரைகளும் கொடிகளும் வருகின்றன. லாரிப் பயணம் தாங்காத வகை மண்டிக்குப் போகாது. மண்டிக்குப் போகாதது கடைக்கு வராது. கடைக்கு வராததை நாளடைவில் நாக்கும் மறந்துவிடும், நாடும் மறந்துவிடும்.

அடுத்து ரூபாயின் கதை. ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஆய்வுத்தாள்கள் ஒரு கணக்கைச் சொல்கின்றன. இந்திய அளவில், தக்காளிக்கு நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் உழவன் கைக்குப் போய்ச் சேருவது ஏறத்தாழ 33 காசு; வெங்காயத்தில் 36 காசு; உருளைக்கிழங்கில் 37 காசு. ஏர் பிடித்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. இடைவழிக்கு மூன்றில் இரண்டு பங்கு! 2023 சூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதும், சென்னையில் நியாய விலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்றதும் உனக்கு நினைவிருக்கும். அதே தக்காளி, பறிகூலிக்கும் கட்டாத விலைக்கு விழுந்து, செடியிலேயே அழுகும்படி விடப்படுகிற பருவங்களும் உண்டு. விலை ஏறும்போது நீ அழுகிறாய். இறங்கும்போது உழவன் அழுகிறான். இருவரும் சேர்ந்து சிரித்த நாள் எது?

இவ்வளவையும் ஒரு கூட்டத்தில் மூச்சு விடாமல் முழங்கினேன். தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்று. கைதட்டலும் கிடைத்தது. மேடையை விட்டு இறங்கி, தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தேன். வெள்ளை வேட்டி, மடித்த சட்டைக் கை, காதுமடலில் செருகிய பேனா என்று முதியவர் ஒருவர் அருகே வந்தார். அந்த ஊர் மளிகைக் கடைக்காரர்.

"தம்பி, நல்லாத்தான் பேசினீய. உழவன் வயிறு நிறையணும்னு சொன்னீய, நிறையட்டும். நானும் சம்சாரி வீட்டுப் பிள்ளைதான். ஆனா ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. கார்த்திகை அடைமழை. வேலை இல்ல, கூலி இல்ல. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பொம்பள கடை வாசல்ல வந்து நிக்கா. அரைக் கிலோ அரிசி, அம்பது கிராம் பருப்பு, ரெண்டு முட்டை. கையில காசு கிடையாது. உங்க சந்தை அவளுக்குக் கடன் குடுக்குமா?"

"இல்லை அண்ணாச்சி" என்றேன்.

"ஒன்பது மணிக்குத் திறந்தாவது இருக்குமா?"

"இருக்காது."

"அப்ப எங்களையும் சேத்துப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கோப்பையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று.

தோழனே! உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? கல்லூரியில் இரண்டாம் ஆண்டோடு நான் நின்றவன். தந்தை படுக்கையில் விழுந்தார், கட்டணம் கட்ட வழியில்லை, புத்தகத்தை மூடினேன். அந்தப் பதினொரு திங்கள் எங்கள் வீட்டு உலையில் அரிசி வெந்தது எதனால்? தெருமுனைக் கடையின் கணக்கு நோட்டினால்! நீளவாட்டில் மடித்த நோட்டு. அதில் என் தாயின் பெயரில் ஒரு பக்கம். அந்தப் பக்கம் நிறையும். கடைக்காரர் மறு பக்கத்தைத் திருப்புவார். ஒரு சொல் சொல்லமாட்டார். எந்த வங்கி எங்களை நம்பியது? எந்த அதிகாரி எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்? நூலால் கட்டிய பேனாவும், எண்ணெய்க் கறை படிந்த நோட்டும் நம்பின.

அதனால் அந்தப் பெரியவரின் கேள்வி என்னைச் சுட்டது. ஆயினும், நன்றி கண்ணை மறைக்கக் கூடாதல்லவா? அதே கடையில் நாங்கள் வாடிய கத்தரிக்காயையும் வாய் திறவாமல் வாங்கினோம். கூடையில் கைவிட்டு நல்ல காயாகப் பொறுக்க என் தாய் ஒருநாளும் துணியவில்லை. கடைக்காரர் தடுக்கவில்லை. தடுத்தது கடன்! நோட்டில் பெயர் உள்ளவளுக்குக் காய் பொறுக்கும் உரிமை ஏது? எடை குறைவோ என்று ஐயம் வந்தாலும் தராசை நிமிர்ந்து பார்க்கும் துணிவு ஏது?

அன்று எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. எங்கே தரம் அதிகம், எங்கே வகை அதிகம் என்று நாம் கேட்கிறோமே, அந்தத் தரமும் வகையும் பண்டத்தில் மட்டும் இல்லை. வாங்குகிறவன் நிலையிலும் இருக்கிறது. சந்தையில் தரம் உண்டு. ஆனால் கையில் ரொக்கமும், காலையில் ஓய்வும் உள்ளவனுக்கு மட்டுமே அது கிட்டுகிறது. கடையில் நேரம் உண்டு, தவணை உண்டு. ஆனால் பொறுக்கி எடுக்கும் உரிமையை விலையாகக் கேட்கிறது. ரொக்கமும் இல்லாமல், காலைப் பொழுதும் இல்லாமல் இருக்கிறாளே, பஞ்சாலைக்கும் பின்னலாடைக்கும் கட்டட வேலைக்கும் காலை ஏழு மணிக்குப் போய் இரவு ஏழு மணிக்குத் திரும்பும் அந்தப் பெண், அவளுக்குத்தான் நாட்டிலேயே மிக வாடிய காய், நாட்டிலேயே மிக உயர்ந்த விலைக்குக் கிடைக்கிறது. கால் கிலோவாக, நூறு கிராமாக வாங்குகிறவள் அவள். சிறுகச் சிறுக வாங்குவோர் கிலோவுக்குக் கொடுக்கும் விலை எப்போதும் பெரிது.

கடைக்கும் அதற்குரிய சிறப்பு உண்டு. துவரையும் உளுந்தும், கடுகும் சீரகமும், மிளகும் மஞ்சளும், எண்ணெயும் வெல்லமும் உழவர் சந்தையில் ஒழுங்காகக் கிடைப்பவை அல்ல. பெரிய வெங்காயத்துக்கு மராட்டியம் தேவை. சீரகத்துக்குக் குசராத்து தேவை. பாமாயிலுக்கு இந்தோனேசியாவும் மலேசியாவும் தேவை. பத்தடிக்கு எட்டடி அறையிலே உலகத்தைக் கொண்டுவந்து தகர டப்பாக்களில் அடைத்து வைத்திருப்பவன் மளிகைக்காரன். உலர்ந்த பண்டத்துக்கு நேற்றுப் பறித்ததா, இன்று பறித்ததா என்ற கேள்வி இல்லை. கல் உண்டா, வண்டு உண்டா, கலப்பு உண்டா என்பதே கேள்வி. அங்கே தரம் என்பது கடைக்காரனின் நாணயம். தெருவில் நாற்பது ஆண்டு கடை வைத்தவன், ஒரு நாள் கலப்படப் பருப்பு விற்றால், மறுநாள் அதே தெருவில் நடந்துதானே வீட்டுக்குப் போகவேண்டும்?

சட்டமும் துணை நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கலப்படத்தைத் தண்டிக்கிறது. 2009-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் தராசுக்கு முத்திரை கேட்கிறது. பொட்டலத்தின்மேல் நிகர எடையும், உச்ச விலையும், அடைத்த திங்களும் அச்சாகியிருக்க வேண்டும். அதைப் படித்துப் பார்த்து வாங்குகிறோமா? பத்தாம் வகுப்பில் பாடம் படித்த நாம், பருப்புப் பொட்டலத்தைப் படிப்பதில்லையே!

சந்தைக்குக் குறை இல்லையா? உண்டு, நண்பர்களின் குறையைச் சொல்லத் தயங்குவது நட்பாகாது. அடையாள அட்டை ஒருவருடையது, அமர்ந்திருப்பவர் வேறொருவர் என்ற நிலை சில இடங்களில் உண்டு. மொத்த மண்டியில் மூட்டையாக வாங்கி வந்து, பச்சைத் துண்டைத் தோளில் போட்டு, உழவர் வேடம் புனைகிறார்கள். வேடம் கட்டுவது என் தொழில். ஆகவே வேடத்தை நான் எளிதில் கண்டுகொள்வேன். "இந்தக் காய் எந்த ஊர்? எத்தனை நாள் பயிர்? எத்தனை பறிப்பு ஆயிற்று?" என்று கேள். உழவன் ஊற்றெடுத்தாற்போல் பேசுவான். கிணற்றில் நீர் வற்றியது முதல் மருமகன் கோபித்தது வரை சொல்வான். வேடதாரி, "வேணும்னா வாங்கு" என்பான். அத்தகையவர் பெருகப் பெருக, அறுபது கட்டுக் கீரையோடு வரும் மூதாட்டிக்கு அமர இடம் இல்லாமற் போகும். கல்மேடை இருக்கும், கூரை இருக்கும், பலகை இருக்கும். சந்தைக்குள் உழவர் இருக்கமாட்டார்!

மற்றொரு குறை, உச்சிப் பொழுது. காலையில் பலகை விலைக்கு விற்ற காய், நண்பகலை நெருங்க நெருங்க விலை இழக்கிறது. மிஞ்சியதைத் திரும்பச் சுமந்துபோனால் பஸ் கூலி நட்டம். விட்டுப்போனால் உழைப்பு நட்டம். கடைசியில் கிடைத்த காசுக்குத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அதே நண்பகலில், அதே ஊரில், அண்ணாச்சி கடையின் கூடையில் இருப்பது முந்தாநாள் மண்டியிலிருந்து வந்த காய். இங்கே புதிய காய் வாங்க ஆளின்றி வாடுகிறது. அங்கே ஆள் இருந்தும் பழைய காய் விற்கிறது. நடுவே இரண்டு தெருத் தொலைவு!

இந்த இரண்டு தெருவைக் கடக்க வழி இல்லையா? வழி சொல்கிறேன், ஏற்பதும் மறுப்பதும் உன் அறிவின் பொறுப்பு.

முதலாவது, உழவர்கள் குழுவாகச் சேர்ந்து, மிஞ்சிய காயை நண்பகலிலே பக்கத்துச் சிறுகடைகளுக்குப் பலகை விலையை ஒட்டி ஒரு விலை பேசி அனுப்பட்டும். சந்தைக்குள் வணிகர் நுழையக் கூடாது என்ற வேலி இருக்கட்டும். அந்த வேலிக்கு வெளியே, உழவரும் சிறுகடைக்காரரும் நேர்நின்று கைகுலுக்க ஒரு வாயில் இருக்கட்டும். கடைக்காரருக்கு மண்டிப் பயணம் மிச்சம். உழவருக்கு மிஞ்சியது நட்டமில்லை. இரவு ஒன்பது மணிக்கு வரும் பெண்ணுக்கு, அன்று பறித்த காய், அதே நோட்டுக் கணக்கில்!

இரண்டாவது, மாலைச் சந்தை. சில ஊர்களில் மாலையிலும் உழவர் சந்தையைத் திறக்க அண்மை ஆண்டுகளில் ஏற்பாடு தொடங்கியிருக்கிறது. அது சில ஊர்களோடு நிற்கக் கூடாது. ஆலை வாசலுக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகே, வேலை முடிந்து திரும்புவோர் கண்ணில் படும்படி அமைய வேண்டும். அல்லங்காடி கண்ட மதுரை நமக்குச் சொந்தம் என்று மேடையில் மார்தட்டுகிறோமே, மாலை ஏழு மணிக்கு ஒரு சந்தை நடத்த முடியாதா?

மூன்றாவது, அட்டையைச் சரிபார்க்கும் அதிகாரி, மேசையில் அமர்ந்து அட்டையை மட்டும் பார்க்காமல், பயிர் நிற்கும் வயலையும் அவ்வப்போது பார்க்கட்டும். வெண்டை விதைக்காதவன் எப்படி வெண்டை விற்கிறான் என்று கேட்க, பெரும் புலமை தேவையில்லை. இரண்டு காலும் ஒரு மிதிவண்டியும் போதும்.

நான்காவது உன் பங்கு. வாரத்தில் ஒரு நாளாவது சந்தைக்குப் போ. கீரையையும் காயையும் உழவன் கையிலிருந்து வாங்கு. பலகை விலைக்குக் கீழே பேரம் பேசாதே. கண்ணாடி மாளிகைக் கடையில் அச்சடித்த விலைக்கு மறுசொல் சொல்லாத வாய், கிழவியின் கீரைக் கட்டுக்கு மட்டும் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்வது என்ன நீதி? மளிகையைத் தெருக் கடையில் வாங்கு. கையில் ரொக்கம் இருக்கும்போது அங்கே ரொக்கமாகவே வாங்கு. நல்ல நாளில் பெருங்கடைக்குப் போய் வண்டி நிறையத் தள்ளிவிட்டு, கெட்ட நாளில் மட்டும் அண்ணாச்சியிடம் நோட்டை நீட்டச் சொன்னால், அவர் எத்தனை நாள் தாங்குவார்? நீ ரொக்கமாகக் கொடுக்கும் காசில்தான், பக்கத்து வீட்டுக்காரியின் கடன் பக்கம் புரளுகிறது என்பதை மறவாதே.

ஏனெனில் இப்போது களத்தில் இறங்கியிருக்கும் போட்டியாளர் வேறு. பலபொருள் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு 51 விழுக்காடு வரலாம் என்று 2012-இல் மத்திய அரசு கதவைத் திறந்தபோது, தமிழகம் அதை ஏற்க மறுத்தது. அன்று கதவை அடைத்தோம். இன்று கைப்பேசியின் சன்னல் வழியே கடை வீட்டுக்குள் வந்துவிட்டது. விரலால் தொட்டால் சில நிமிடங்களில் வாசலில் கத்தரிக்காய்! வசதியை நான் பழிக்கவில்லை. நோயாளிக்கும் முதியோருக்கும் அது உதவி. ஆனால் அந்தக் கத்தரிக்காயை நீ தொட்டுப் பார்த்தாயா? காம்பைப் பார்த்தாயா? விளைத்தவன் முகம் தெரியுமா? விற்றவன் பெயர் தெரியுமா? மழைக்கால இரவில் காசில்லாமல் நின்றால், அது உன்னை நம்புமா?

உழவனும் சிறுகடைக்காரனும் பகைவர் என்று எண்ணி நான் பேசியது பிழை. அந்தப் பிழையைத் திருத்தியவர் தேநீர் ஆறிப்போகச் செய்த அந்தப் பெரியவர். இருவரும் சிறியவர், இருவருக்கும் நடுவே ஓங்கி நிற்கும் இடைவழிதான் பெரியது. சிறியவர் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றால், பெரியவனுக்கு வேலை எளிது.

சென்ற திங்கள் அந்த ஊருக்கே மீண்டும் போயிருந்தேன். அந்தக் கடையைத் தேடிப் போனேன். அண்ணாச்சி என்னை அடையாளம் கண்டு ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். இந்தக் கட்டுரையின் கருத்துகளையெல்லாம் சொன்னேன். உழவரிடம் நேரே வாங்குவீர்களா என்றும் கேட்டேன். காதிலிருந்த பேனாவை எடுத்து நோட்டின்மேல் வைத்தார்.

"கொண்டாரச் சொல்லுங்க தம்பி. ரெண்டு தெரு நடக்க எனக்கும் கால் இருக்கு" என்றார்.

கால் இருக்கிறது, தோழனே. நடக்கத் தொடங்க வேண்டியதுதான் மிச்சம். நாளை விடியற்காலை நான்கு மணிக்கு, எங்கோ ஒரு பேருந்து நிலையத்தில், ஈரச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி அமர்ந்திருப்பார். வெயில் ஏறுவதற்குள் நீ சந்தைக்கு வந்து சேர்.